எதிராளி பீரோவில் இருக்கும் கணக்கு நோட்டை கோர்ட் வழியாக வாங்குவது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக எனக்கு இது 31-ஆம் வருடம். சட்டம் படித்தவன் அல்ல. கட்டு தூக்கி, மனுவை நம்பர் ஆக்கி, சம்மன் அனுப்பப் பேட்டா கட்டி, காப்பி மனு போட்டு, சாயங்காலம் டைரி எழுதி ஓடிய வருடங்கள் இவை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு இழப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நியாயம் ஒருவர் பக்கம் இருக்கும். அதைக் காட்டும் தாள் எதிராளியின் பீரோவில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழியும் உண்டு, நாள் கணக்கும் உண்டு. ஆனால் கேட்க மாட்டார்கள். வாய்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து திரும்பிப் போவார்கள். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகுதான், "அந்த நோட்டு அவன்கிட்ட இருக்குதுங்க ஐயா" என்று கண் கலங்குவார்கள். அதற்குள் பாதி வழக்கு முடிந்திருக்கும்.

ஆகவே எழுதுகிறேன். உங்கள் வக்கீலிடம் எதை, எந்த நாளில் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு எடுப்பது வக்கீல்தான். நினைவூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு வழக்கை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு, பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. தோப்பு ஓரமாக இருபது முப்பது பலா. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேர், அக்காவும் தம்பியும். தோப்பைத் தம்பி பார்த்துக்கொண்டார். பத்து வருடமாக அக்காவுக்குப் பங்கும் இல்லை, பணமும் இல்லை, கணக்கும் இல்லை. பாகப்பிரிவினை கேட்டும், வருமானத்துக்குக் கணக்குக் கேட்டும் அந்த அக்கா வழக்குப் போட்டார். தம்பி எதிர்வழக்குரை போட்டார்: 2011-இல் அடித்த 'தானே' புயலில் மரமெல்லாம் போய்விட்டது, வருமானமே இல்லை, செலவுதான் ஆனது, அப்பா இருந்தபோதே வாய்மொழியாகப் பிரித்து, யாருக்கு எது என்று காட்டும் கூர்ச்சீட்டும் எழுதியாகிவிட்டது என்று. செலவைக் காட்ட ஒரு கணக்கு நோட்டின் ஒரே ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருந்தார்.

அந்த ஒரு பக்கம்தான் வழக்கைத் திருப்பியது.

முதலில், கோர்ட்டில் கேட்காமலே கிடைப்பவை

எதிராளியிடம் கேட்பதற்கு முன்னால் நாமே எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பதிவான பத்திரம் என்றால் மூலம் தம்பியிடம் இருந்தாலும் கவலையில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்று நகல் கிடைக்கும். வில்லங்கச் சான்று கிடைக்கும். பட்டா, சிட்டா, அடங்கல் கிடைக்கும். வேறு வழக்கில் தாக்கலான காகிதம் என்றால் அந்தக் கோர்ட்டில் காப்பி மனு போடலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு "மூலப் பத்திரத்தை அவர் தர வேண்டும்" என்று மனுப் போட்டால், "இது உங்களுக்கே கிடைக்குமே" என்று ஒரே வரியில் மனு போய்விடும்.

புதுச்சேரியிலிருந்து எங்கள் ஆபீசுக்குச் சில கட்சிக்காரர்கள் வருவதுண்டு. பிரெஞ்சுக் காலத்து நோத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றிடும் அதிகாரி, எழுதிய பத்திரம் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முறையில் கையெழுத்தான மூலம் நோத்தேரிடமே தங்கும். கட்சிக்காரர் கைக்கு வந்தது நகல்தான். ஆகவே எதிராளி "ஒரிஜினல் என்னிடம் இருக்கிறது" என்று சொன்னால், அவர் கையில் இருப்பது எது என்பதை முதலில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மற்றபடி அங்கேயும் இங்கே உள்ள அதே சிவில் நடைமுறைச் சட்டம்தான், உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

இப்படி எடுக்க முடிந்ததை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நாம் கேட்க வேண்டியது. கணக்கு நோட்டு, குத்தகைச் சீட்டு, பாஸ்புக், கடிதம், வியாபாரியின் எடைச்சீட்டு.

சிவப்புப் பென்சில் வேலை

எதிர்வழக்குரை நகல் கைக்கு வந்த அன்றே நான் ஒரு சிவப்புப் பென்சிலோடு உட்காருவேன். எந்தப் பத்தியில் எந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசினாலும் அடிக்கோடு. அந்த அக்காவின் வழக்கில் நான்கு கோடு விழுந்தது: கணக்கு நோட்டுப் பக்கம், முந்திரி வியாபாரியோடு போட்ட குத்தகைச் சீட்டு, புயல் நிவாரணம் வரவான வங்கிக் கணக்கு, கூர்ச்சீட்டு.

எதற்கு இந்த வேலை என்றால், எதிராளி தன் வழக்குரையிலோ அபிடவிட்டிலோ (சத்தியப் பிரமாண வாக்குமூலத்திலோ) தானே குறிப்பிட்ட காகிதத்தையும், பட்டியலில் தானே சேர்த்த காகிதத்தையும் பார்க்க நமக்கு நேரடி உரிமை இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 11, ரூல் 15. இனி ரூல் என்று மட்டும் சொன்னால் இந்த ஆர்டர் 11-இல் உள்ளதுதான். கோர்ட் அனுமதிகூட முதலில் தேவையில்லை. வக்கீலுக்கு வக்கீல் ஒரு நோட்டீஸ் போதும். ஆனால் அதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்: எழுவினாக்கள் வனையும் நாளுக்குள் கொடுக்க வேண்டும். எழுவினா, அதாவது இஷ்யூஸ், இந்த வழக்கில் எதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்று நீதிபதி எழுதும் கேள்விகள். பல பேர் அந்த வாய்தாவைச் சும்மா ஒரு வாய்தா என்று விட்டுவிடுகிறார்கள். என் டைரியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருப்பேன்.

சட்டத்தின் பின்னிணைப்பு சி-யில் 7-ஆம் நம்பர் படிவம் இந்த நோட்டீசுக்கானது. நாங்கள் தமிழில் இப்படி எழுதுவோம்:

"பிரதிவாதியின் எதிர்வழக்குரை 9-ஆம் பத்தியில் சொல்லப்பட்டு, ஒரு பக்கத்தின் ஒளிநகல் மட்டும் இணைக்கப்பட்டுள்ள தோப்புக் கணக்கு நோட்டின் அசலை, அதன் எல்லாப் பக்கங்களுடனும் அட்டையுடனும், வாதியும் வாதியின் வக்கீலும் பார்வையிடவும் நகல் எடுத்துக்கொள்ளவும் முன்னிலைப்படுத்த வேண்டும் என இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது."

"எல்லாப் பக்கங்களுடனும் அட்டையுடனும்" என்ற சொற்களை மறக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். "நகல் எடுத்துக்கொள்ளவும்" என்பதும் ரூல் 15-இலேயே உள்ள உரிமைதான். எழுதாமல் விட்டால் பார்க்கப் போகும் நாளில் அதற்கே ஒரு வாக்குவாதம் வரும்.

"தோப்பு சம்பந்தமான எல்லா ஆவணங்களையும் தரவும்" என்று எழுதுபவர்கள் உண்டு. எழுதவே எழுதாதீர்கள். எல்லாம் கேட்டால் எதுவும் வராது. எந்தப் பத்தி, எந்தக் காகிதம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. ஒவ்வொன்றும் தனி வரி.

நோட்டீசை எதிர்த்தரப்பு வக்கீல் ஆபீசில் கொடுக்கும்போது நம் ஆபீஸ் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஒப்புகையோடு தபாலில் போட வேண்டும். நாளைக்குக் கோர்ட்டில் நம்மைக் காப்பாற்றுவது அந்தத் தேதிதான்.

பத்து நாள், மூன்று நாள்

நோட்டீஸ் கிடைத்த பத்து நாளுக்குள் எதிர்த்தரப்பு பதில் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது ரூல் 17. அந்தப் பதிலில், அதைக் கொடுத்ததிலிருந்து மூன்று நாளுக்குள் ஒரு நேரம் குறித்து, எங்கே வந்து பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். சாதாரணமாக அது அவர்களுடைய வக்கீல் ஆபீஸ். வங்கிப் புத்தகம், வியாபாரத்தில் அன்றாடம் புழங்கும் பேரேடு போன்றவை என்றால் அவை வழக்கமாக இருக்கும் இடம். எதையாவது காட்ட மறுத்தால் எதை, என்ன காரணத்துக்காக என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

நாள் எண்ணுவதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளை ஒன்று என்று எண்ண வேண்டும். ஜூன் 3-ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்றால் பத்தாம் நாள் ஜூன் 13. என் டைரியில் 13-ஆம் தேதியில் "கெடு" என்றும், 14-ஆம் தேதியில் "மனு" என்றும் அன்றைக்கே எழுதிவிடுவேன். கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால், கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மே மாத விடுமுறையை நம்பிச் சிலர் இதை நீட்டிக்கொண்டே போவார்கள். ஏப்ரல் கடைசி வாரம் எங்கள் ஆபீசில் விளக்கு அணைய நேரமாகும் காரணம் அதுதான்.

அந்த அக்காவின் விஷயத்தில் நோட்டீஸ் கொடுத்துப் பத்து நாள் ஓடியது. பதில் இல்லை. பதினோராம் நாள் போன் செய்தேன்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே, என் தம்பிதானே, கேட்டா குடுத்துடுவான்" என்றார்.

"கேட்டீங்களாம்மா?"

"பொங்கலுக்கு வருவான், கேக்கறேன்."

பொங்கலுக்கு அவர் வரவில்லை. இரண்டு வாய்தா போனது. கூடப்பிறந்த பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதை வாயால் கேட்டுக்கொண்டே இருங்கள், தாளிலும் கேட்டு வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

வராவிட்டால் போடும் மனு

அமெரிக்காவில் இருக்கும் அந்த அக்காவின் மகன் ஒரு நாள் இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினார். அங்கே கேள்விகளுக்கும் ஆவணக் கோரிக்கைக்கும் பதில் சொல்ல முப்பது நாள், வராவிட்டால் மோஷன் டு கம்பெல் போடலாம், நம் ஊரில் ஏன் போடவில்லை என்று. அவர் சொன்னது அங்கே சரி. அங்கே ஃபெடரல் கோர்ட்டில் இருபத்தைந்து கேள்வி வரை கோர்ட்டைக் கேட்காமலே அனுப்பலாம். மனுப் போடுவதற்கு முன் எதிர்த்தரப்போடு நல்லெண்ணத்தோடு பேசிப் பார்த்தேன் என்று சான்றும் தர வேண்டும். இங்கே கணக்கு வேறு. இங்கே கேள்வி அனுப்பவே கோர்ட் அனுமதி வேண்டும், நாளும் பத்துதான். ஆனால் "கொடுக்கச் சொல்லி உத்தரவிடுங்கள்" என்று கேட்கும் மனு நம்மிடமும் இருக்கிறது. ஒரே பெயரில் இல்லாமல் வேறு வேறு ரூலில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பார்வையிட நேரம் குறிக்கவில்லை, மறுத்தார், அல்லது வக்கீல் ஆபீஸ் அல்லாத ஏதோ இடத்துக்கு வரச் சொன்னார் என்றால் ரூல் 18. எதிராளியிடம் என்னென்ன காகிதம் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியவில்லை, சத்தியப் பிரமாணத்தின் பேரில் பட்டியல் தர வைக்க வேண்டும் என்றால் ரூல் 12. இருப்பது தெரியும், கோர்ட்டில் கொண்டுவந்து வைக்கச் செய்ய வேண்டும் என்றால் ரூல் 14. மூன்றும் இடைமனுக்கள், அதாவது வழக்கு நடக்கும்போதே இடையில் போடும் மனுக்கள். எங்கள் சீனியர் 18-ஐயும் 12-ஐயும் ஒரே நாளில் தனித்தனி மனுவாகப் போடுவார்.

அபிடவிட்டில் கோபத்தைக் கொட்டாதீர்கள். நான் எழுதிக் கொடுக்கும் வரைவில் தேதிகள்தான் முதலில் வரும்: எதிர்வழக்குரையில் எந்தப் பத்தியில் காகிதம் சொல்லப்பட்டது, நோட்டீஸ் எந்தத் தேதி, எந்தத் தேதியில் பெற்றார், கெடு என்றைக்கு முடிந்தது, என்ன பதில் வந்தது அல்லது வரவில்லை. அதன்பின், இந்தக் காகிதம் எந்த விஷயத்தைத் தீர்மானிக்கத் தேவை என்று இரண்டு வாக்கியம். எதிர்வழக்குரையில் சொல்லாத காகிதத்தைப் பார்க்கக் கேட்டால் இன்னும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்தக் காகிதம், நமக்குப் பார்க்க ஏன் உரிமை, அது அவர் வசம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்.

"இந்தக் காகிதம் சாட்சியமாகச் செல்லாது" என்று எதிர்த்தரப்பு கவுண்டர், அதாவது நம் மனுவுக்கு எதிருரை, போடும். எம்.எல். சேத்தி வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: இந்தக் கட்டத்தில் காகிதம் சாட்சியமாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதில்லை, வழக்கின் விஷயத்தில் வெளிச்சம் தந்தால் போதும். வக்கீலிடம் இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள்.

புயலில் போன நோட்டு

தம்பியின் கவுண்டர் வந்தது. "தோப்புக் கணக்கு நோட்டுகள் அனைத்தும் தானே புயலில் கூரை பறந்து மழையில் நனைந்து அழிந்துவிட்டன."

தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை. இந்தப் பக்கத்தில் அந்த விடியலை மறந்தவர் யாரும் இல்லை. என் வீட்டு ஓடும் போனது. பண்ருட்டிப் பக்கம் பாட்டன் காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். ஆகவே படித்தவுடன் எனக்கும், பாவம், போயிருக்கும் என்றுதான் தோன்றியது. சீனியரும் கொஞ்சம் யோசித்தார்.

அன்று இரவு கட்டைப் பிரித்து அந்த ஒரே ஒரு ஜெராக்ஸ் பக்கத்தை மறுபடி எடுத்தேன். உரம், கூலி, மருந்து அடித்தது. மேல் ஓரத்தில் சின்னதாகத் தேதி: 12.2.2013.

புயலில் போன நோட்டில் புயலுக்குப் பிறகு பதின்மூன்று மாதம் கழித்து எப்படிக் கணக்கு எழுத முடியும்?

ரூல் 12-இன் கீழ் கோர்ட் உத்தரவிட்டது: மூன்று வாரத்தில் ஆவணப் பட்டியல் அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும். இந்த அபிடவிட்டுக்குப் பின்னிணைப்பு சி-யில் 5-ஆம் நம்பர் படிவம் இருக்கிறது. அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவ்வளவு கவனமாக அமைத்திருக்கிறார்கள். இப்போது என் வசம் இருப்பவை என்று ஒரு பட்டியல். அதில் காட்ட மறுப்பவை தனியாக, காரணத்தோடு. முன்பு என் வசம் இருந்து இப்போது இல்லாதவை என்று இன்னொரு பட்டியல். அவை கடைசியாக என் வசம் இருந்தது என்றைக்கு, அவற்றுக்கு என்ன ஆனது, இப்போது யாரிடம். "இல்லை" என்று ஒற்றை வார்த்தையில் தப்பிக்க அந்தப் படிவம் இடமே வைக்கவில்லை. எதிராளி இந்தப் படிவப்படி போடாமல் பொதுவாக ஒரு அபிடவிட் போட்டால் அதை ஏற்றுக்கொண்டு போய்விடாதீர்கள். படிவப்படி வேண்டும் என்று அன்றைக்கே ஆட்சேபம் எழுதுங்கள்.

தம்பி போட்ட அபிடவிட்டில் மறுபடியும் புயல்தான் வந்தது, பிரமாணத்தின் மேல்.

ஆறு கேள்வி

அடுத்து இன்டெராகட்டரி, எழுத்துக் கேள்விகள். ரூல் 1-இன் கீழ் அனுமதி கேட்டு, கேள்விகளையும் கூடவே வைத்து மனுப் போட வேண்டும். அந்த மனுவை ஏழு நாளில் முடிவு செய்ய வேண்டும் என்கிறது ரூல் 2. நடைமுறையில் தள்ளும், ஆனால் அந்த வரியைச் சுட்டிக்காட்டி அவசரம் கேட்கலாம். ஒருவருக்கு ஒரு தொகுதிதான் அனுப்ப முடியும். இன்னொரு தொகுதிக்குத் தனி உத்தரவு வேண்டும். அதனால் யோசித்து எழுதுங்கள். அனுமதி கிடைத்து, கேள்விகள் சார்வு ஆன, அதாவது முறைப்படி எதிராளி கையில் கொடுக்கப்பட்ட, பத்து நாளில் அபிடவிட்டாகப் பதில் வர வேண்டும், ரூல் 8. கேள்விகளே தவறு என்று எதிராளி கருதினால் ஏழு நாளில் ரத்துக் கேட்க வேண்டும்.

குறுக்கு விசாரணையில் கேட்கிற கேள்வியை இங்கே கேட்கக் கூடாது. சாட்சியின் நாணயத்தைச் சோதிக்கும் கேள்வி கூண்டில் செல்லும், இங்கே செல்லாது. ராஜ் நாராயண் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "நீர் உன் அக்காவை ஏமாற்றவில்லையா?" என்று அந்த அக்கா எழுதச் சொன்னார். மறுத்துவிட்டேன். நாங்கள் எழுதியவை ஆறுதான். எதிர்வழக்குரையுடன் இணைத்த 12.2.2013 தேதியிட்ட பக்கம் எந்த நோட்டிலிருந்து எடுக்கப்பட்டது? அந்தப் பக்கத்தில் எழுதியது யார்? அந்த நோட்டு கடைசியாக உமது வசம் எப்போது இருந்தது? ஜெராக்ஸ் எடுத்தது எப்போது? 2012 முதல் முந்திரியும் பலாவும் யாருக்கு விற்கப்பட்டன? பணம் எந்த வங்கிக் கணக்கில் வரவானது?

ஒவ்வொரு கேள்வியும் ஒரே விஷயம். ஆமாம் இல்லை என்றோ, ஒரு பெயர், ஒரு தேதி என்றோதான் பதில் சொல்ல முடியும். பதில் மழுப்பலாக வந்தால் ரூல் 11-இல் மேலும் பதில் சொல்ல உத்தரவு கேட்கலாம். அபிடவிட்டாகவோ, நேரில் கோர்ட்டில் வாயாலோ சொல்லச் செய்யலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பத்தாம் நாள் எதிர்த்தரப்பு ஜூனியர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "நோட்டு மூணு கிடைச்சிருக்கு அண்ணே, பரணில் இருந்ததாம். சனிக்கிழமை வாங்க" என்றார்.

பார்க்கப் போகும் நாள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் புரட்ட, ஒருவர் எழுத. பேனா வேண்டாம், பென்சில் போதும். அவர்கள் நோட்டில் தெரியாமல் ஒரு கோடு விழுந்தாலும் வம்பு. முதலில் அட்டை: என்ன எழுதியிருக்கிறது, எத்தனை பக்க நோட்டு என்று அச்சாகியிருக்கிறதா. பிறகு பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் தையல் பிரிந்திருந்தால், கிழித்த அடிக்கட்டை இருந்தால் குறியுங்கள். மை மாறும் இடம், கையெழுத்து மாறும் இடம், வெற்றாக விட்ட பக்கம். அதன்பிறகுதான் தொகைகள். படம் எடுப்பதற்கு முன் அவர்கள் வக்கீலிடம் சொல்லிவிட்டு, அட்டையிலிருந்து வரிசையாக எடுங்கள். போவதற்கு முன் "இன்ன நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்த நோட்டுகள், இத்தனை பக்கங்கள் பார்வையிடப்பட்டன" என்று ஒரு தாளில் எழுதி இருபுறமும் கையெழுத்து.

அந்தச் சனிக்கிழமை நானும் அந்த அக்காவும் போனோம். மூன்றாவது நோட்டில் பாதியோடு கணக்கு நின்றது. மூடப் போனேன். அந்த அக்கா, "அப்பா பின்னாலேர்ந்து எழுதுவாரு, இவனும் அப்படித்தான்" என்று சொல்லி நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசி அட்டையைத் திறந்தார். பலாக் கணக்கு முழுக்க அங்கே இருந்தது. புயலுக்குத் தப்பிய மரங்கள், வருடவாரியாகக் காய் எண்ணிக்கை, வியாபாரி கொடுத்த அட்வான்ஸ், பாக்கி. எல்லாப் பக்கங்களும் அட்டையும் என்று நோட்டீசில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாம் ஆளிடம் இருந்தால்

வியாபாரியிடம் எடைச்சீட்டு இருக்கிறது, வங்கியிடம் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. அவர்கள் வழக்கில் கட்சி இல்லை. ஆர்டர் 11 அவர்களைத் தொடாது. ஆர்டர் 16-இல் ஆவணம் கொண்டுவரச் சம்மன் கேட்க வேண்டும். எழுவினா வனைந்த பதினைந்து நாளுக்குள் சாட்சிப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்பதால் அவர்களை அதிலேயே சேர்த்துவிடுங்கள். பேட்டா கட்டாமல் சம்மன் போகாது. சம்மனை மதிக்காதவருக்கு ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் வழி உண்டு. வங்கி என்றால் 1891-ஆம் வருட வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிட்ட நகலே போதும். பார்வையிட உத்தரவு வாங்கினால், வங்கி விடுமுறை போக முழுதாக மூன்று நாளுக்கு முன்னால் வங்கிக்குச் சார்வு செய்ய வேண்டும்.

உத்தரவையும் மீறினால்

ரூல் 21. வாதி மீறினால் வழக்கே தள்ளுபடி ஆகலாம், அதே காரணத்துக்கு மறுபடி வழக்குப் போடவும் முடியாது. பிரதிவாதி மீறினால் அவருடைய எதிர்வாதத்தை அடித்துவிடலாம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் கோர்ட் இதை எளிதில் செய்யாது. வேண்டுமென்றே, பிடிவாதமாக மீறினார் என்று தெரிந்தால்தான் என்று பப்பர் தையல் மெஷின் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் முதல் மீறலுக்கே இந்த மனுவைப் போடாமல், உத்தரவின் தேதி, கொடுத்த அவகாசம், நீட்டித்த அவகாசம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். அவகாச நீட்டிப்பு பற்றி அதே சட்டத்தின் 148-ஆம் பிரிவு மொத்தம் முப்பது நாள் என்கிறது. எதிர்த்தரப்பு மூன்றாம் முறை நேரம் கேட்கும்போது அதைக் காட்டுங்கள்.

எதிர்வாதம் அடிபடாவிட்டாலும் நம் உழைப்பு வீண் இல்லை. நோட்டீஸ் கொடுத்தும் காட்டாத காகிதத்தை அவர் பிறகு தனக்குச் சாதகமாக எடுக்க வந்தால், தக்க காரணம் சொன்னாலொழியக் கோர்ட் விடாது. தன் வசம் உள்ள முக்கியமான காகிதத்தை மறைப்பவருக்கு எதிராக நீதிமன்றம் ஊகம் செய்யலாம், நிரூபிக்கும் பொறுப்பு அவர்மேல் இல்லாவிட்டாலும்கூட. 1968-இல் கோபால் கிருஷ்ணாஜி கேட்கர் வழக்கில் வந்த அந்த வாக்கை எங்கள் சீனியர் வாதத்தில் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழைய சாட்சியச் சட்டத்தில் 114-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 119.

பங்குதாரர் தகராறு, வியாபார ஒப்பந்தம் போன்றவை மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்பில் இருந்தால் 2015-ஆம் வருட வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் போய்விடும். அங்கே ஆர்டர் 11 முழுக்க வேறு. வழக்கோடு கூடவே தன்னிடமுள்ள ஆவணங்கள் எல்லாவற்றையும், தனக்குப் பாதகமானவற்றையும் சேர்த்து, வைக்க வேண்டும். எதிர்வழக்குரை தாக்கலான முப்பது நாளில் பார்வையிடுதல் முடிய வேண்டும். அந்த வகை வழக்கு உங்களுடையது என்றால் நான் மேலே சொன்ன நாள் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.

தாமதம் என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு கடன் வழக்கில் எதிராளியின் பேரேட்டைக் கேட்கும் மனுவை, வாதி சாட்சி முடிந்து பிரதிவாதி சாட்சி ஆரம்பித்த பிறகு போட்டோம். டைரியில் நான் தேதி எழுதாமல் விட்டிருந்தேன். ரூல் 14 வழக்கு நிலுவையில் உள்ள எந்த நேரத்திலும் என்றுதான் சொல்கிறது, ஆனால் "இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை" என்ற நீதிபதியின் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. மனு தள்ளுபடி. அந்தக் கட்சிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன்பின் வந்த வாய்தாவில் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அன்றிலிருந்துதான் கெடு நாளையும் மனு நாளையும் சேர்த்தே எழுதும் பழக்கம்.

அந்த அக்காவின் வழக்கில் நோட்டு கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பார்த்த காகிதம் திரும்ப அதே பரணுக்குப் போய்விடக் கூடாது. ரூல் 14-இல் மூன்று நோட்டையும் கோர்ட்டில் வைக்க உத்தரவு வாங்கினோம். கூடவே ஆர்டர் 12, ரூல் 2-இல் ஆவணத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தோம். அதற்கு ஏழு நாள், காரணமில்லாமல் மறுத்தால் நிரூபிக்கும் செலவு மறுத்தவர் தலையில். ஆறாம் நாள் எதிர்த்தரப்பு வக்கீல், நோட்டுகளில் உள்ளது பிரதிவாதியின் கையெழுத்தே என்று எழுதிக் கொடுத்தார். நோட்டுகள் சான்றாவணமாகக் குறியீடு ஆகிக் கோர்ட் பாதுகாப்பில் ஏறிய அன்று, கடைசி நோட்டின் பின் அட்டையைத் திறந்து, பலாக் கணக்குப் பக்கங்களையும் சேர்த்து எண்ணிப் பதிவில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன்.